சிக்னாகி மதில்மேல் ஒரு பெரியம்மா

"பெரியம்மா என்னைய ஏம்மா எறக்கி உட்டுட்டாங்க?"

என் மகள் கீர்த்தி இதை முதலில் கேட்டது ஜார்ஜியா என்ற நாட்டில், ஒரு மலையுச்சி ஊரின் கோட்டைப் படியில். அப்போது அவளுக்கு மூன்று வயதுதான் முடிந்திருந்தது. இப்போது போத்தனூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்கிறாள். வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறவள்.

அந்த நாட்டின் குளிரையும் மின்வெட்டையும் ரொட்டிக் கடை வரிசையையும் பற்றிச் சென்ற வாரங்களில் இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, "எப்போதும் கஷ்டத்தையே சொல்கிறீர்களே, சுற்றிப் பார்த்த இடம் ஒன்றுகூட இல்லையா?" என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள்.

இருக்கிறது. ஒரே ஓர் ஊர். சிக்னாகி என்று பெயர். உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் தவறாமல் போய்ப் பாருங்கள். மதில், காவல் கோபுரங்கள், கன்னிமாடம், ஊற்று எல்லாவற்றையும் சொல்கிறேன். நடுவில் எங்களுக்கு நடந்ததும் வரும். அதை எடுத்துவிட்டு அந்த ஊரை மட்டும் சொல்லலாம் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

நம்மூருப் பேச்சு

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கணவர் வேலுசாமி, நூல் மில்களில் புது மெஷின்களைப் பூட்டி ஓடவிட்டுக் கொடுக்கும் வேலை பார்ப்பவர். கோயமுத்தூரில் அவர் இருக்கும் கம்பெனியின் மெஷின்களை ஜார்ஜியாவில் ஒரு மில் வாங்கியது. ஓட்டிக் காட்டி, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிவிட்டு வர இவரை அனுப்பினார்கள். பல மாதம் ஆகும் என்பதால் குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். இப்படித்தான் நானும் சின்னப் பிள்ளையோடு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகு, திறப்பு விழாவுக்கு முதலாளியும் அவர் மனைவியும் கோயமுத்தூரிலிருந்து வந்தார்கள். முதலாளிக்குத் தலைநகரில் பேச்சுவார்த்தை. அந்த அம்மா ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று, ஒரு நாள் எங்களோடு சிக்னாகிக்கு அனுப்பி வைத்தார்.

எனக்கு முதல் நாளிலிருந்தே பயம். கம்பெனியில் இத்தனை வருஷம் இவர் வேலை பார்த்தும் அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. என்ன பேசுவது, எப்படிக் கூப்பிடுவது? இஸ்திரி போடக் கரண்டு இல்லாததால் புடவையை மெத்தைக்கடியில் மடித்துப் போட்டு அதன்மேல் படுத்தேன். காலையில் மடிப்பெல்லாம் தப்பான இடத்தில் விழுந்திருந்தது.

கார் வந்து நின்றதும் அந்த அம்மாவே கதவைத் திறந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் வேலுசாமி ஊட்டுக்காரங்களா? வாங்க, வாங்க, எம்பக்கத்துல வந்து உக்காருங்க. இங்க வந்ததுலயிருந்து நம்மூருப் பேச்சே காதுல உழுகலீங்க. காது அடைச்சுப் போச்சு."

எனக்குப் பாதி பயம் அங்கேயே போனது. இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பின்னால். கீர்த்தி நடுவில்.

"நீங்க எந்தூருங்க?"

"கருமத்தம்பட்டிப் பக்கமுங்க."

"அட, என்ற சின்னம்மாவக் கட்டிக் குடுத்தது அங்கதானுங்க. பாருங்க, இவ்வளவு தூரம் வந்து சொந்தக்காரங்களப் பாத்துபோட்டேன்."

கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே கச்சாயம், நம் பக்கத்து வெல்லப் பலகாரம். ஊரிலிருந்து சுட்டுக் கொண்டுவந்தது. ஒன்றை எடுத்துக் கீர்த்தி கையில் கொடுத்தார். அவள் பாதி கடித்தாள், மீதியை அப்படியே எச்சிலோடு அந்த அம்மா வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஐயோ, எச்சிலுங்க" என்று நான் கையைப் பிடிக்கப் போனேன்.

"புள்ளயோட எச்சலுக்கு என்னங்க" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

வாசகர்கள் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மறக்கவில்லை.

"தேங்க் யூ ஆண்ட்டி" என்றாள் கீர்த்தி. நான் சொல்லிக் கொடுத்திருந்தது.

"ஆண்ட்டியாமா? ஒரு மொறை வேண்டாமா கண்ணு? பெரியம்மான்னு கூப்பிடு. எங்க, சொல்லு."

"பெரியம்மா."

"ஆமாஞ்சாமி" என்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலை ஏறி முடியும் வரை இறக்கவில்லை.

திராட்சை பறிக்கும் காலம் அது. வழியெல்லாம் புளித்த திராட்சை வாசம். நம் பக்கம் கரும்பாலை ஓடும்போது காற்றில் வருமே ஒரு தித்திப்பும் புளிப்பும், கிட்டத்தட்ட அதுதான். சாலை வளைந்து வளைந்து ஏறியது. கீழே பெரிய சமவெளி, அதற்கு அப்பால் பனிமூடிய மலைத்தொடர்.

"வெள்ளிங்கிரி மாதிரியே இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா.

"வெள்ளிங்கிரில பனி எங்கீங்க இருக்குது?" என்று இவர் முன்னாலிருந்து கேட்டார்.

"பனிய எடுத்துபோட்டுப் பாருங்க வேலுசாமி. அப்படியேதான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். டிரைவரும் சேர்ந்து சிரித்தார், என்னவென்று தெரியாமலே.

ஊருக்கு ஒரு கோபுரம்

சிக்னாகியில் எங்களுக்கு இடங்களைக் காட்ட வந்தது தமாரா என்ற பெண். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். என் வயதுதான் இருக்கும். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தம். அவள் ஆங்கிலத்தில் சொல்வதை அந்த அம்மாவுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. படித்த படிப்புக்கு அன்று ஒரு வேலை கிடைத்ததே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். கார் ஏதோ சத்தம் போடுகிறது என்று இவர் டிரைவரோடு அங்கேயே நின்றுவிட்டார். பெண்கள் மட்டும் நடந்தோம்.

கூழாங்கல் பாவிய தெருக்கள். சிவப்பு ஓட்டு வீடுகள். மாடியில் மர முகப்புகள், புடவைக் கரை பின்னல் மாதிரிச் செதுக்கியவை. பல வீடுகளில் ஆள் இல்லை, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முகப்பிலும் ஏதோ ஒரு கொடி ஏறியிருந்தது. தெருவோரத்தில் ஒரு கிழவர், மெழுகுவத்திபோல் நீளமாக எதையோ கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நூலில் கோத்த வாதுமைக் கொட்டையைத் திராட்சைப் பாகில் முக்கி உலர்த்தியதாம். அந்த அம்மா ஒன்று வாங்கிக் கீர்த்திக்கு ஊட்டினார்.

பிறகு மதில். போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரைவிட மதில் பெரிது. மலைச்சரிவு முழுக்க ஏறி இறங்கி ஓடுகிறது. உள்ளே பாதி இடத்தில் வீடே இல்லை, வெறும் மரமும் புல்லும்தான். இடையிடையே காவல் கோபுரங்கள். ஒன்றில் சின்னதாக ஒரு சர்ச்சுகூட இருக்கிறது.

"ஊர் இத்துனூண்டு, மதில் எதுக்குங்க இவ்வளவு?" என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. நான் தமாராவிடம் கேட்டேன்.

தமாரா சொன்னாள். பழைய காலத்தில் இங்கே அடிக்கடி படையெடுப்பு. அதனால் அவர்களுடைய ராஜா ஒருவர், சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் எல்லாம் ஓடிவந்து தங்கும்படி பெரிதாகக் கட்டினார். ஒவ்வொரு கோபுரமும் ஒரு கிராமத்துக்கு. கிராமத்தின் பெயர்தான் கோபுரத்துக்கும். ஆபத்து வந்தால் அவரவர் கோபுரத்துக்கு அவரவர் ஓடலாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கீர்த்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோபுரப் படியில் ஏறத் தொடங்கியிருந்தார். படி செங்குத்து. கைப்பிடி கிடையாது. "நான் வாங்கிக்கறேனுங்க" என்றதற்கு "இருக்கட்டுமுங்க, பஞ்சு மாதிரி இருக்கறா" என்றுவிட்டார்.

பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார். "இது நம்ம வழக்கமேதானுங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோயில் இருக்குதல்ல, அதாட்டம். எங்கிருந்தாலும் கடைசில நம்ம கோயிலுக்குப் போயிருவமல்லீங்க."

வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். கொங்குப் பக்கம் தோட்டம் காடு உள்ள குடியானவர் வீடுகளில் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறை. கல்யாணப் பேச்சென்றாலும், யாரை எப்படிக் கூப்பிடுவதென்றாலும் கூட்டம் தெரிந்தாக வேண்டும். வளவில் பிறந்த எங்களுக்கு அந்தக் கணக்கில் இடம் கிடையாது. எங்கள் ஊரில் ஊர் வேறு, வளவு வேறு. தோட்டங்களில் பண்ணையத்துக்கு இருந்தவர்களின் குடியிருப்புதான் வளவு.

"அட, கூட்டம்னதும் ஞாபகம் வருது" என்று அந்த அம்மா திரும்பினார். "பெரியம்மான்னு கூப்பிடச் சொல்லிப்போட்டேன். பெரியம்மாவா, அத்தையான்னு பாக்கோணுமல்லீங்க? நாளைக்கு மொறை மாறிப்போகக் கூடாது. உங்க ஊட்டுக்காரர் எந்தக் கூட்டமுங்க?"

சிரித்த முகத்தோடுதான் கேட்டார். உறவாக்கிக்கொள்ளத்தான் கேட்டார். அதை நான் இன்றுவரை மறுக்கவில்லை.

எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. கல்லூரியில், பஸ்ஸில், பிரசவ வார்டில் கேட்டிருக்கிறார்கள். முதலில் "எந்தூருங்க?" பிறகு "ஊருக்குள்ளயா?" அந்த இரண்டாவது கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்தே நாங்கள் வளர்ந்தோம். காரில் அது வரவில்லை. வராததால் நான் ஏமாந்துவிட்டேன்போல. நம் ஊரிலிருந்து இத்தனை தூரத்துக்கு, அந்நிய தேசத்துப் படிக்கட்டுக்கு அது வந்து சேராது என்று நினைத்துவிட்டேன்.

"எங்களுக்குக் கூட்டமெல்லாம் இல்லீங்க" என்றேன். "நாங்க வளவுங்க. எங்க மாமனார் பண்ணையத்துக்கு இருந்தவருங்க."

காற்று பலமாக அடித்தது. சரியாகக் கேட்டிருக்காதோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"அப்படீங்களா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதனாலென்னங்க. எல்லாரும் மனுசருதானுங்க" என்றார்.

பிறகு, "கை வலிக்குதுங்க. எறங்கி நடக்கட்டும். படி பாத்து, பாத்து" என்று கீர்த்தியை அந்தப் படியிலேயே இறக்கிவிட்டார். மெதுவாகத்தான் இறக்கினார். சேலைத் தலைப்பை ஒரு தடவை உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார்.

மதில் முழுக்கத் தூசி. தூசிக்குத்தான் உதறினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போதுதான் கீர்த்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், பெரியம்மா ஏன் இறக்கி விட்டுட்டாங்க என்று.

மேலே தமாரா காத்துக்கொண்டிருந்தாள். கோபுரத்திலிருந்து பார்த்தால் சமவெளி முழுக்கத் தெரியும், திராட்சைத் தோட்டங்கள் கட்டம் கட்டமாக இருக்கும் என்று காட்டினாள். நான் பார்த்தேனா என்று நினைவில்லை. அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"எந்தக் கிராமத்தையும் சேராதவர்கள் ஓடி வந்திருந்தால், அவர்களுக்கு எந்தக் கோபுரம்?"

தமாரா யோசித்தாள். "எனக்குத் தெரியவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றாள்.

அந்த அம்மா, "என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, படி பத்திரம்னு சொல்றாங்க" என்றேன்.

கன்னிமாடம்

ஊருக்கு வெளியே கொஞ்ச தூரத்தில் கன்னியாஸ்திரீகளின் கன்னிமாடம். உயரமான ஊசியிலை மரங்கள் காவல் நிற்பதுபோல் வரிசையாக நிற்கின்றன. அந்த நாட்டுக்குக் கிறிஸ்துவைக் கொண்டுவந்த ஒரு பெண்ணின் சமாதி அங்கே இருக்கிறது. வெறுங்கையோடு வந்தவளாம். இரண்டு திராட்சைக் கொடிக் குச்சிகளைத் தன் தலைமுடியாலேயே கட்டிச் சிலுவை செய்துகொண்டாளாம். அதனால் அவர்களுடைய சிலுவையின் கைகள் இன்றைக்கும் சற்றுத் தொங்கினாற்போல் இருக்கும்.

உள்ளே ஒரே இருட்டு. தேன்மெழுகு வாசம். சுவரில் மங்கிப்போன பெரிய கண்களோடு சித்திரங்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். மெழுகுவத்தி ஏற்றி, கண்ணை மூடிக் கைகூப்பி வெகுநேரம் நின்றார். நல்ல பக்தி. கீர்த்தியும் அவர் பக்கத்தில் போய் அதேமாதிரி கைகூப்பி நின்றாள். கண்ணைத் திறந்து பார்த்தவர் அவள் தலையைத் தொடக் கையைக் கொண்டுபோனார். தொட்டாரா, தொடவில்லையா? நான் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் இன்னொன்றைக் கவனித்தேன். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்மூர்க் கதை பேசியபடி நடந்தவர், இப்போது தமாராவோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பேச ஒரு வார்த்தை இல்லாத இரண்டு பேர் சேர்ந்து நடந்தார்கள். ஒரே பேச்சுப் பேசுகிற நான் பின்னால் பிள்ளையோடு நடந்தேன்.

அப்போதும் மரியாதைக்குக் குறைவில்லை. நடுவில் ஒருமுறை திரும்பி, "வழுக்குதுங்க, பாத்து வாங்க" என்றார்.

ஊற்று

கன்னிமாடத்திலிருந்து மரங்களுக்கிடையே செங்குத்தான பாதையில் இறங்கினால் அந்தப் புனிதவதியின் ஊற்று. குடித்தால் நோய் தீரும் என்று நம்பிக்கை. ஜனங்கள் பாட்டிலோடும் குடத்தோடும் நின்றார்கள். ஊற்றடியில் எனாமல் கப் ஒன்று வைத்திருந்தது. விளிம்பு பெயர்ந்த வெள்ளைக் கப். எல்லோரும் அதில்தான் குடித்தார்கள். ஒருவர் குடித்ததும் மறுபடி தண்ணீர் பிடித்து, பின்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் கையில் கொடுக்கிறார்கள். தான் குடித்த கையோடு அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் அங்கே முறை என்று தமாரா சொன்னாள்.

அன்று காலை காரில் வரும்போது அந்த அம்மா புலம்பியபடி வந்தார். "இங்க தண்ணியே தொண்டைல எறங்கலீங்க. ஊருக்குப் போயி ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணி குடிச்சாத்தான் எனக்கு உசுரு வரும்." அதனால் ஊற்று என்றதும் அவருக்குத்தான் ஆசை அதிகம். எட்டிப் பார்த்தார். தண்ணீர் அத்தனை தெளிவு.

தமாரா கப்பில் பிடித்துக் கீர்த்திக்குக் கொடுத்தாள். விருந்தாளிகளில் சின்னவளுக்கு முதலில். கீர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பிறகு முறைப்படி, பின்னால் நின்றவர்களை விட்டுவிட்டு நேரே போய், "பெரியம்மா, குடி. சில்லுனு இருக்குது" என்று நீட்டினாள்.

அந்த அம்மா கப்பைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு விரதம் கண்ணு. நீ குடி சாமி" என்றார்.

கீர்த்தி கையை இறக்கவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஒழுகியது. நான் போய் வாங்கி, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தேன். பல் கூசியது.

தமாரா என்னைக் கேட்டாள். "அவர் என்ன சொன்னார்?"

அன்று என் வேலை அதுதானே.

"விரதமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மதியம் நம்மோடு ரொட்டி சாப்பிட்டாரே."

மதிலிலிருந்து இறங்கியதும் ஒரு வீட்டில் சுடச்சுட ரொட்டி வாங்கியிருந்தோம். ஆளுக்கொன்றாகத் தனித்தனியே வாங்கிக்கொண்டதை நானும் பார்த்தேன். நான்கு பேர் பார்க்கத்தான் அவர் சாப்பிட்டார்.

"தண்ணீருக்கு மட்டும் விரதம்" என்று மொழிபெயர்த்தேன்.

தமாரா, எங்கள் தேசத்தில் இப்படியும் ஒரு விரதம் உண்டு என்று நினைத்திருப்பாள். அவள் நினைத்ததில் தப்பும் இல்லை.

படித்து வெளியே போனால்

எங்கள் அப்பா கருமத்தம்பட்டியில் அடுத்தவர் தறி ஓட்டியவர். தாகம் என்றால் தறிக்காரர் வீட்டு வாசலில் நின்று கேட்பார். சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றுவார்கள். குனிந்து, கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். யாரும் வையமாட்டார்கள். "போதுமா, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா" என்று கேட்டுக் கேட்டு ஊற்றுவார்கள். அந்த நல்ல மனசைச் சொல்லி அப்பா பெருமைப்படுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ படிச்சு வெளிய போயிரு அம்மிணி. அங்கெல்லாம் இது இருக்காது" என்பார்.

படித்தேன். வெளியே போனேன். ஒரு கடலையும் பல மலைகளையும் தாண்டித்தான் போனேன்.

திரும்பும்போது அந்த அம்மா முன் ஸீட்டுக்கு மாறிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம். இவர் எங்களோடு பின்னால் வந்தார். கீர்த்தி தூங்கிப்போனாள். கச்சாய டப்பாவை மட்டும் அந்த அம்மா முன்னாலிருந்து நீட்டினார். "புள்ள எந்திரிச்சாக் குடுங்க. டப்பா எனக்கு வேண்டாமுங்க, நீங்களே வெச்சுக்கங்க."

மறுநாள் காலையில் நான் நடந்ததைச் சொன்னதும் இவருக்குக் கோபம்.

"ஒரு பகலு. ஒரு பகலு உன்னால சும்மா இருக்க முடியலையா?"

"கேட்டாங்களே. என்ன சொல்றது?"

"என்னமோ ஒரு கூட்டத்துப் பேரச் சொல்றது."

"சொன்னா? அடுத்து எந்தக் கோயிலுன்னு கேப்பாங்க. கோயில் எந்தூர்ல இருக்குதும்பாங்க. பங்காளிக எத்தன ஊடும்பாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தானாகச் சிரித்தார். நன்றாக இல்லாத சிரிப்பு.

"மொதலாளிக்கு மொதல்ல இருந்தே தெரியும். மெஷின் ஓடுனாச் சரின்னு இருக்கற மனுசன். ஊட்டுல சொல்லீருப்பாருன்னு நெனச்சேன்."

ஊரிலிருந்து எடுத்துப் போன காலண்டர் எங்கள் சுவரில் இருந்தது. சிக்னாகிக்குப் போன நாள் அமாவாசையா, கிருத்திகையா, ஏகாதசியா என்று பார்த்தேன். எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரியாத விரதங்கள் எவ்வளவோ இருக்கலாமே. கை நிஜமாகவே வலித்திருக்கலாமே. மூன்று வயதுப் பிள்ளை கனம்தானே. இப்படி யோசித்து யோசித்து, நான் அந்த அம்மாவுக்காக வாதாடிக்கொண்டிருப்பேன். பிறகு அந்த எனாமல் கப் நினைவுக்கு வரும்.

பட்டுப் பாவாடை

கோயமுத்தூருக்குத் திரும்பி வந்தோம். கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

போன தீபாவளிக்கு முதலாளி வீட்டு டிரைவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கீர்த்திக்கு ஒரு பட்டுப் பாவாடை, சட்டை. அரக்கில் மயில்கழுத்துக் கரை. "அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார். நல்ல பட்டு. மனசில்லாமல் யாரும் அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

"பெரியம்மா எடுத்துக் குடுத்தது" என்று கீர்த்தி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்மணி, "உங்களுக்கு அவங்க சொந்தமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

அவள் உலகத்தில் பெரியம்மா என்று ஒருத்தர் இருக்கிறார். காரில் மடியில் வைத்துக்கொண்டவர், எச்சில் கச்சாயத்தை வாங்கித் தின்றவர், பட்டு வாங்கி அனுப்பியவர். ஏதோ ஒரு படியில் இறக்கிவிட்டது மட்டும்தான் அவளுக்குப் புரியவில்லை. மற்றதெல்லாம் நிஜம். எனக்கும் அதுதான் குழப்பம். மற்றதும் நிஜம்தான்.

இப்போது அவர்கள் மதுக்கரை ரோட்டில் புதுவீடு கட்டியிருக்கிறார்கள். வைகாசியில் புண்ணியார்ச்சனை, அதாவது கிரகப்பிரவேசம். எல்லாத் தொழிலாளர்களையும் போல இவருக்கும் பத்திரிகை வந்திருக்கிறது. குடும்பத்துடன் வரச் சொல்லி. கம்பெனி ஆட்களுக்குப் பின்பக்கம் தனிப் பந்தல், தனிச் சாப்பாடு என்று இவருக்குத் தெரியும். "எல்லாருந்தான் அங்க திங்கறாங்க, நமக்கு மட்டுமா?" என்கிறார். அதுவும் சரிதான்.

ஆனால் கீர்த்தி பின்பந்தலில் உட்காரமாட்டாள். எனக்கு என் பிள்ளையைத் தெரியும். என் கையை உதறிவிட்டு, பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு நேரே புதுவீட்டுக்குள் ஓடுவாள். நிலைப்படியில் அத்தனை சொந்தக்காரர்கள் நிற்பார்கள். அங்கே யாராவது ஒருவர், நம்மூர் வழக்கப்படி வெகு மரியாதையாகக் கேட்பார்: "இது யாரு கொழந்தைங்க?" அந்த அம்மா அப்போது என்ன சொல்வார்? அந்தப் பதிலைத்தான் என் மகள் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கப் போகிறாள்.

கூட்டிப் போகாவிட்டால் அழுவாள். ஏன் என்று கேட்பாள். அப்போது நான் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம், உனக்குப் பெரியம்மா இல்லை என்று எந்த வார்த்தையால் சொல்வது? நான் சொல்லாமல் விட்டால் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

அதனால் இந்த வாரம் உங்களிடமே கேட்கிறேன். பிள்ளை பெற்றவர்கள் எழுதுங்கள். என்னைப்போல் இதை ஒரு நாள் சொல்ல வேண்டியிருந்தவர்கள், எப்போது சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்று அவசியம் எழுதுங்கள். அந்த அம்மாவின் இடத்தில் இருப்பவர்களும் எழுதலாம், கோபித்துக்கொள்ளமாட்டேன். பெரிய மனசு பண்ணி விட்டுவிடு என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைத்தான் இவ்வளவு நாளும் செய்துகொண்டிருக்கிறேன்.

பட்டுப் பாவாடையை இன்று கட்டிப் பார்த்தாள். உயரம் பற்றவில்லை, கணுக்கால் தெரிகிறது. வளருகிற பிள்ளை என்று உள்ளே இரண்டு மடிப்பு வைத்துத்தான் தைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்தால் வைகாசிக்குச் சரியாக இருக்கும். மடியில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறேன். பிரிக்கட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள்.